ஏழு நாட்டு எச்சில்

அவருடைய முகத்தைவிட வலது கைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குட்டையான, பருத்த விரல்கள். மோதிர விரலில் சதைக்குள் புதைந்துபோன பச்சைக்கல் மோதிரம். நகக்கண்களில் எந்நேரமும் நெய்ப் பிசுக்கு. அந்தக் கை ஒரு துண்டு மைசூர்பாகையோ லட்டையோ ஏந்திக்கொண்டு நம் வாயை நோக்கி வரும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால், திறந்த வாய்க்குள் இனிப்பு போய்விடும். திறக்காமல் தலையை ஆட்டினால் உதட்டில் தேய்த்துவிட்டுச் சிரிப்பார்.

"முதல்ல வாய் இனிக்கட்டும், அப்புறம் விஷயம்" என்பார்.

அந்த 'அப்புறம்' வந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பெயர் வேண்டாம். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், மாலை மரியாதையோடு. எங்கள் பயிற்சி மையத்தில் இணை இயக்குநராக இருந்தார், எல்லோருக்கும் ஜே.டி. சார். ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் அப்போது பாதி காலனி, பாதி கருவேலங்காடு. பொதுத்துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் வரிசைகளைத் தாண்டி, ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில் எங்கள் மையம் இருந்தது. நான் அங்கே ஸ்டெனோ. லாலாகுடா ரயில்வே காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். எண்பதுகளின் நடுவில், அண்டை நாடுகள் எல்லாம் கைகோத்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் ஓர் ஆசை கிளம்பியபோது, வெள்ளம், புயல் எச்சரிக்கை வேலை பார்க்கும் அதிகாரிகள் வருடம் ஒருமுறை கூடிப் பேசுவதற்கு எங்கள் மையத்தைக் கொடுத்தார்கள். நம்மையும் சேர்த்து ஏழு நாடுகள். ஜே.டி. தான் அதற்குப் பொறுப்பு. காவிரிக் கரையில் பிறந்தவன் என்று எல்லா மேடையிலும் சொல்லுவார். அதைத் தவிர ஆற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கையின் ருசியை நான் முதலில் கண்டது என் சொந்த விஷயத்தில். தற்காலிக வேலையில் சேர்ந்து வெகுநாளாகியும் என்னை நிரந்தரமாக்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு அவர் அறைக்குள் போனேன். "சார், என் கன்ஃபர்மேஷன்" என்றதுதான் தாமதம், மேசை இழுப்பறையிலிருந்து டப்பா வெளியே வந்தது. "நம்மூர்ப் பொண்ணு, வெறும் வாயோட நிக்கலாமாம்மா?" என்று சொல்லிக்கொண்டே ஊட்டிவிட்டார். அவர் விரல் என் பல்லில் இடித்தது. பிறகு அந்த விரலை அவரே ஒருமுறை சப்பிக்கொண்டார். வாய் நிறைய மாவோடு எந்தப் பெண்ணால் பேச முடியும்? நன்றி என்பதுபோல் ஏதோ முனகிவிட்டு வெளியே வந்து, குழாயடியில் நின்று வாய் கொப்பளித்தேன். பெண் என்று பார்த்து அவர் அப்படிச் செய்யவில்லை. மனுஷி என்றே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்துக் கோபம், செகந்திராபாத் பேச்சு. சொன்னதும் குதித்தார். "எவன்டி அவன்? எச்சிக் கையால ஊட்னா நக்கோ, வேணாம்னு மூஞ்சிலயே சொல்றதுக்கு என்னா?"

"மெல்லப் பேசுங்க, கவர்மெண்ட் வேலை" என்றாள் அம்மா.

ஜே.டி.யை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் எங்கள் ஜீப் டிரைவர்தான். மறுநாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மிட்டாயி காலியா? ஹவ், தோ பஸ், ஆப்கா காம் கதம், சிஸ்டர்." மிட்டாய் தின்றாகிவிட்டதா, அப்படியானால் உங்கள் காரியம் அவ்வளவுதான் என்று அர்த்தம். அவரும் ஒரு காலத்தில் ஓவர்டைம் கேட்டுப் போய் பாதாம் அல்வா தின்று திரும்பியவர்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் ஜே.டி.க்கு இன்னும் உற்சாகம். தொடக்க விழாவில் தட்டை ஒரு பியூன் பிடித்துக்கொள்ள, வரிசையாக எல்லோர் வாயிலும் ஊட்டிக்கொண்டே போவார். ஓர் உதட்டில் பட்ட விரல் அடுத்த உதட்டுக்குப் போகும். நடுவில் துடைப்பதும் கிடையாது, கழுவுவதும் கிடையாது. சர்க்கரை நோய் என்று கும்பிட்ட ஒரு பெரியவரையும் விடவில்லை. அன்று மாலையே அவருக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது. "எங்கள் நாட்டில் விருந்தாளி தெய்வம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நகர்வார். அந்தப் பாவப்பட்ட மனிதர்கள் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். ஏழு நாட்டு எச்சிலையும் ஒரே கையில் சேர்த்ததுதான் அவர் பதவிக்காலத்தில் நடந்த ஒரே ஒத்துழைப்பு என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வந்தவர்களில் ஒருவரை டிரைவர் 'பானி சாப்' என்று அழைப்பார். தண்ணீர் ஐயா. அந்தப் பெயரே எங்கள் ஆபீசில் நிலைத்துவிட்டது. அவர் நாடு எது என்று சொல்லப் போவதில்லை. ஆறு இன்னொரு நாட்டில் புறப்பட்டு அவர் நாட்டுக்குள் இறங்குகிறது, அவர் கீழ்க்கரைக்காரர், இவ்வளவு தெரிந்தால் போதும். ஒல்லியான பொறியாளர். முழங்கைவரை மடித்த சட்டை. என்னைத் 'தீதி' என்பார், அக்கா என்று அர்த்தம். வயதில் அவர்தான் மூத்தவர்.

அவர் கேட்டது ஒரே ஒரு காரியம். மேலே, அடுத்த நாட்டில், ஒரு பாலத்தூணில் அளவு கீறியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தினமும் காலையில் ஒருவர் அதைப் பார்த்துத் தன் தலைநகருக்குச் சொல்லுவார். அந்தத் தலைநகர் இந்தத் தலைநகருக்குச் சொல்ல, அங்கிருந்து மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் ஆற்றங்கரையில் இருக்கும் பானி சாபுக்குச் செய்தி கிடைக்கும்போது அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். தண்ணீர் ஒரே பகலில் வந்துவிடுகிறது, யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. பாலத்தில் அளவு பார்க்கிறவர் வயர்லெஸ்ஸில் நேராகத் தன்னிடம் சொல்லிவிட்டால், கரையோர ஊர்களை மேட்டுக்கு ஏற்ற நேரம் கிடைக்கும் என்பதுதான் அவர் கோரிக்கை.

ஆறு புறப்படும் அந்த மேல்நாட்டு அதிகாரியும் அதே மேசையில், நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். கூச்ச சுபாவம், நல்ல மனிதர். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பரிந்துரை போனால் என் மேலதிகாரி கட்டாயம் சம்மதிப்பார்" என்று என் காதுபடச் சொன்னார்.

ஆக, எல்லாம் ஜே.டி. கையில் இருந்தது. எந்தக் கை என்று தெரியுமே.

முதல் வருடம் பானி சாப் எழுந்து பேச ஆரம்பித்தபோது தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது. ஜே.டி. தட்டோடு போய் அவர் வாயை அடைத்தார். இரண்டாம் வருடம் அவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார்: "பொது மேசை வேண்டாம். எங்கள் இருவருக்கும் ஓர் அறையும் ஒரு மணி நேரமும் கொடுங்கள், எழுதி முடித்துவிடுகிறோம்." நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்றார் ஜே.டி. உண்மைதான். கோல்கொண்டா இருந்தது, சாலர் ஜங் மியூசியம் இருந்தது, சார்மினார் பக்கம் வளையல் கடை இருந்தது. நாகார்ஜுனசாகருக்கு ஒரு முழுநாள். வெள்ளத்தில் மனிதர்களைக் காப்பாற்ற வந்தவர்கள் அணைக்கட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் டிக்டேஷன் கொடுக்கும்போது நான் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "அவர் கேக்கறது நியாயம்தானே சார்?"

ஜே.டி. கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுவும் எனக்கு அருவருப்புதான். "நியாயம்தாம்மா, யார் இல்லேன்னா? ஆனா பாரு, ஒண்ணை ஒத்துக்கிட்டோம்னு வை, அடுத்த வருஷம் அது நடந்துதான்னு கேப்பாங்க. ஒண்ணுமே ஒத்துக்கலேன்னா யாரும் எதுவும் கேக்க முடியாது. எல்லாரும் சந்தோஷமா வந்தாங்க, சந்தோஷமா போனாங்க. எழுதிக்கோ. 'இது குறித்து அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும்.'"

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் வருடாவருடம் ஆகஸ்டில் நடந்தது. வெள்ளம் வரும் மாதத்தில், வெள்ள எச்சரிக்கை அதிகாரிகளை அவரவர் ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஹைதராபாத்தில் உட்கார வைத்தோம்! டிசம்பருக்கு மாற்றுங்கள் என்று பானி சாப் கேட்டார், மேல்நாட்டு அதிகாரியும் கேட்டார். ஜே.டி. மாற்றவில்லை. சுதந்திர தினத்தன்று காலனி மைதானத்தில் அவர் கொடியேற்றும்போது முன்வரிசையில் ஆறு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் போட்டோ டெல்லிக்குப் போக வேண்டும். டிசம்பரில் கொடி ஏது?

மூன்றாம் வருடம் பானி சாப் வந்தபோது முகமே சரியில்லை. மழை அந்த முறை முன்னதாகவே பிடித்திருந்தது. கரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

"என் உதவியாளன் பார்த்துக்கொள்வான், தீதி. சின்னப் பையன் மாதிரிதான் இருப்பான், ஆனால் பொறுப்பானவன். போன மாதம்தான் கல்யாணம் ஆனது. அவன் பெண்டாட்டிக்கு இங்கிருந்து வளையல் வாங்கிவரச் சொன்னான்."

தேடித் தேடிப் பச்சை நிறத்தில் கல் பதித்த வளையல் வாங்கிவந்து என்னிடம் காட்டினார். அளவு சரியாக இருக்குமா என்று கேட்டு என் கையில் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஆகஸ்ட் பதினைந்து காலை. எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். விருந்தாளிகள் யாருக்காவது போன் வந்தால் எடுப்பதற்காக என்னை மட்டும் ஆபீசில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே தேசிய கீதம் முடிந்து கைதட்டல் கேட்டபோது மணி அடித்தது. டெல்லியில் இருந்த மேல்நாட்டுத் தூதரகம். அவர்கள் அதிகாரிக்கு ஒரு செய்தி: மேல்பாலத்தில் விடியற்காலையிலேயே தண்ணீர் அபாயக் குறியைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சொன்னார்கள்.

ஓடினேன். கொடிக்கம்பத்துக்கு முன்னால் நாற்காலி வரிசை. நடுநாயகமாக இருந்த தன் நாற்காலியிலிருந்து ஜே.டி. எழுந்து லட்டுத் தட்டோடு நின்றிருந்தார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். ஜே.டி. என்னைப் பாதி வழியிலேயே மடக்கினார்.

"என்னம்மா ஓடி வரே?"

"சார், மேல ஆத்துல தண்ணி அபாயக் குறியைத் தாண்டிடுச்சாம். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் உடனே சொல்லணும்."

"மெதுவா, மெதுவா. இப்ப சொன்னா ரெண்டு பேரும் எழுந்து ஓடுவாங்க, வரிசை கெட்டுடும். ஒரு போட்டோ, அவ்வளவுதான். அப்புறம் நானே சொல்றேன்."

"தண்ணி போட்டோவுக்காக நிக்காது சார்."

"முதல்ல வாய் இனிக்கட்டும்" என்றார்.

லட்டு வாய்க்குள் வந்துவிட்டது. முழு லட்டு. அந்த விரல்களும் கூடவே. இத்தனை வருடம் விழுங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஏறிவந்ததுபோல் இருந்தது எனக்கு. அவர் பளபளக்கும் ஷூவின் மேலேயே துப்பினேன். பூந்தியும் முந்திரியும் எச்சிலுமாக வழிந்தது. துப்பிய வாயாலேயே கத்தினேன், மைதானம் முழுக்கக் கேட்கும்படி: "உங்கள் ஆறு குறியைத் தாண்டிவிட்டது!"

இரண்டு நாற்காலிகள் காலியாயின. மேல்நாட்டு அதிகாரியிடம் போனில் கேட்ட அளவைச் சொன்னேன். அவர் திரும்பிப் பானி சாபிடம் எந்தெந்த ஊருக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்று சொன்னார். மூன்று வருடமாக அறை கிடைக்காமல் கிடந்த ஒத்துழைப்பு, கொடிக்கம்பத்தடியில், நின்ற நிலையில், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது. பிறகு இருவரும் ஆபீஸ் போனை நோக்கி ஓடினார்கள். என் பின்னால் ஜே.டி.யின் குரல் கேட்டது. "நீ எடுப்பா, எடு." போட்டோ எடுக்கப்பட்டது.

சுதந்திர தின விடுமுறை. டெல்லியில் பானி சாபின் தூதரகத்தில் காவலாளியைத் தவிர ஆள் இல்லை. அந்தக் காவலாளி யாரையோ தேடிப்பிடிக்க, அந்த ஆள் தங்கள் தலைநகரை எழுப்ப, அது மாவட்டத்தை எழுப்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பானி சாப் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் கரையோரத்திலிருந்து செய்தி வந்தது. அவர் மனைவியும் பெண்களும் பள்ளிக்கூட மாடியில் ஏறிப் பிழைத்துக்கொண்டார்கள். உதவியாளன் இல்லை. தண்ணீர் ஏறுகிறதே என்று அளவுகோலைப் பார்க்கக் கரைக்குப் போனவன் தண்ணீரோடு போய்விட்டான். பானி சாப் ஊரில் இருந்திருந்தால் அவர் போய் நின்றிருக்க வேண்டிய இடம் அது.

சாயங்கால ரயிலுக்கு அவரை டிரைவர்தான் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். "ரோயா பி நை, சிஸ்டர். பஸ் சூடியான் ஹாத் மே பகட்கே பைட்டா." அழக்கூட இல்லையாம். வளையலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் நிறைவு விழா. ஜே.டி. எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். தலை குனிந்திருந்தபடியே அவர் கண் ஒருமுறை சாப்பாட்டு மேசைப் பக்கம் போய் வந்ததை நான் பார்த்தேன். அஞ்சலி முடிந்ததும் ஆப்ரிகாட் பழத்தில் செய்த குபானி கா மீட்டா வந்தது, மேலே க்ரீம் போட்டு.

என்னை டெஸ்பாட்ச் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். "நம்மூர்ப் பொண்ணுன்னு சும்மா விடறேன்" என்றார் ஜே.டி. அவருடைய ஷூவைத் துடைத்த பியூன் என் பக்கத்தில் வந்து ரகசியமாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசல் கூடத்தில் மாட்டினார்கள். கொடி, அதிகாரிகள், முன்வரிசையில் காலியாக இரண்டு நாற்காலிகள். அதை மறைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரைப் பற்றி எனக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. டெல்லியிலிருந்து வருகிற பெரிய அதிகாரிகளை அதன் முன்னால் நிறுத்தி, அந்த விரலால் காலி நாற்காலிகளைத் தொட்டுக் காட்டுவார். "செய்தி வந்த அடுத்த வினாடி இரண்டு நாட்டுப் பொறியாளர்களும் கடமைக்கு ஓடிவிட்டார்கள். நம் மையம் இல்லையென்றால் இது நடந்திருக்குமா?" அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு தட்டு வரும். அந்தப் போட்டோவால்தான் பின்னாளில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது என்று ஆபீசே பேசிக்கொண்டது.

அடுத்த ஆகஸ்டில் கூட்டம் அதே தேதியில் கூடியது. பானி சாப் வந்திருந்தார். பாதி தலை நரைத்திருந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. "இங்கே மறுபடியும் எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆறு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, தீதி" என்றார். "அந்தப் பரிந்துரை இங்கிருந்துதானே வர வேண்டும்?"

தொடக்க விழா. ஜே.டி. தட்டோடு வரிசையில் நகர்ந்து வந்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன் நாற்காலிக்கு முன்னால் தட்டு வந்ததும் பானி சாப் எழுந்து நின்றார். அந்தக் கையைத் தட்டிவிடுவார் என்று நினைத்தேன். துப்புவார் என்று நினைத்தேன். என் வாயில் அந்த லட்டின் பிசுபிசுப்பு திரும்ப வந்துவிட்டது.

"முதலில் வாய் இனிக்கட்டும், நண்பரே" என்றார் ஜே.டி.

பானி சாப் வாயைத் திறந்தார். பச்சைக்கல் மோதிரம் அவர் உதட்டில் இடித்தது. மெதுவாக மென்றார், விழுங்கினார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சார், அந்தக் காலை அளவு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

தட்டு அதற்குள் அடுத்த நாற்காலிக்குப் போயிருந்தது.